பூஜைச் சாமான்கள், பத்தொன்பது

நவம்பர் இருபத்தாறாம் தேதி முற்பகல் பதினொன்றரை மணிக்கு, பைலுகொப்பா வட்டக் கிளை அலுவலகத்தின் கூட்ட அறையில் ஆஜரானவர்களும் அவர்கள் அமர்ந்த இடங்களும் பின்வருமாறு:

மேசையின் தலைப்பக்கம், வெள்ளைத் துண்டு விரித்த நாற்காலியில், கிளை இயக்குநர் ஸ்ரீ புட்டஸ்வாமய்யா. அவருக்கு வலப்புறம், மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து வந்திருந்த மேலாளர் ஸ்ரீ சாந்தவீரப்பா. இடப்புறம், மடிக்கணினியுடன், பெங்களூர் ஆலோசகர் ஸ்ரீ பிரணீத் ஹெப்பார். மேசையின் கடைசியில், குறிப்பேட்டுடன், எழுத்தர் வாமன ராவ், அதாவது நான். கதவோரம், நின்றபடி, கம்பம் ஏறும் ஊழியர் ஹூவப்பா. அவருக்கு நாற்காலி போடும் வழக்கம் இல்லை. ஜன்னலோரம், கைப்பிடி இல்லாத நாற்காலியில், குற்றம் சாட்டப்பட்டவர்: நேரளகுட்டா துணைச் சுகாதார நிலையத்தின் ஒப்பந்த நர்ஸ் ஸ்ரீமதி ஜலஜாக்ஷி.

நடவடிக்கைக் குறிப்பில் இப்படித்தான் எழுதினேன். எழுத்துப்பிழை கிடையாது. ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை. அது மறந்துபோன வரியும் இல்லை.

எங்கள் அரசுத் தகவல்தொடர்புக் கழகத்தின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வட்டத்தில் பத்தொன்பது மலையூர்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் தடித்த பஞ்சாங்கம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. கம்பியில்லாமல் காற்று வழியாக அந்த ஊரின் பள்ளிக்கூடத்தையும் ரேஷன் கடையையும் சுகாதார நிலையத்தையும் கீழே டவுனோடு சேர்ப்பது அந்தப் பெட்டிதான். மழைக்காலத்தில் பெட்டி செத்துப்போகும். காலை பஸ்ஸில் அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து, "பெட்டி போச்சு சார்" என்பார். மத்தியான பஸ்ஸில் ஹூவப்பா கயிற்றுடன் போய் ஏறி உயிர் கொடுத்துவிட்டு வருவார். பன்னிரண்டு வருடம் இப்படி நடந்தது. இதற்குக் கண்காணிப்பு என்று பெயர் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

ஜூன் மாதம் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லாக் கிளைகளும் தங்கள் கம்பியில்லாக் கருவிகளுக்குக் கண்காணிப்பு முறை ஏற்படுத்த வேண்டும். பிரணீத் ஹெப்பார் வந்தார். இயக்குநரின் அறைக்கு எதிர்ச்சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு திரையை மாட்டினார். திரையில் பத்தொன்பது வட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஊர்ப்பெயர். ஒரு மெஷின் நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் "இருக்கியா?" என்று கேட்கும். பெட்டி "இருக்கேன்" என்றால் வட்டம் பச்சை. பதில் இல்லையென்றால் சிவப்பு. அவர் சொன்னதில் இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. கடைசிவரை இதற்குமேல் தேவைப்படவும் இல்லை.

பொத்தானை அழுத்தியதும் பதின்மூன்று வட்டங்கள் சிவப்பாக எரிந்தன. வெளியே நல்ல மழை.

"நேத்து வரைக்கும் எல்லாம் நல்லாத்தானய்யா இருந்துது?" என்றார் இயக்குநர்.

நேற்றுவரை யாரும் பார்க்கவில்லை என்று பிரணீத் விளக்கினார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தின் முழுக்கவனமும் திரையின்மேல் திரும்பியது. ஹூவப்பா பதின்மூன்று ஊர்களுக்கும் புறப்பட ஆயத்தமானார். பயணப்படிக்கான அனுமதி திரையின் அறிக்கையை வைத்துத்தான் தரப்படும், அறிக்கையோ மாதக் கடைசியில்தான் வரும் என்று அவரை உட்காரவைத்தோம். நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பது பெட்டிகளைத் தொந்தரவு செய்வதாகும் என்று இயக்குநர் கருதியதால் மணிக்கு ஒருமுறை கேட்கும்படி மாற்றினோம். பிறகு நாளுக்கு ஒருமுறை. நாளில் ஒருமுறை "இருக்கேன்" என்ற பெட்டி நாள் முழுக்கப் பச்சை. சிவப்பு ஒன்பதாகக் குறைந்தது. தலைமையகம் பாராட்டியது.

ஆகஸ்ட்டில் சிவப்பு நிறத்தைப் பற்றிப் பரிசீலிக்க மூவர் குழு அமைந்தது. உறுப்பினர்-செயலர் நான். சிவப்பு பார்ப்பவர் மனதைக் கலக்குகிறது என்று குழு கண்டறிந்தது. பாதியை மஞ்சளாக்கி, அதற்கு 'ஓய்வில் உள்ளது' என்று பெயரும் வைத்தோம். மேலே மஞ்சளும் கீழே சிவப்புமாக வட்டங்கள் வரிசைப்பட்டிருந்ததைப் பார்த்து, ஏதோ மனு கொடுக்க வந்த கன்னட அபிமானிகள் சங்கத்தார், அலுவலகத்திலேயே இவ்வளவு பெரிதாக நம் கொடியை வைத்திருக்கிறீர்களே என்று நெகிழ்ந்து இயக்குநருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவரும் மறுக்கவில்லை. நவம்பர் முதல் தேதி வரும் மாநில தினமான ராஜ்யோத்சவம்வரை இதே நிலை நீடிக்குமா என்று பிரணீத்தைத் தனியாகக் கேட்டுக்கொண்டார்.

திரை எரிகிறதா என்று மணிக்கொருமுறை பார்த்துக் கையெழுத்திட ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. அந்தப் பதிவேட்டை வாரம் ஒருமுறை சரிபார்க்க இன்னொரு பதிவேடு. இரண்டையும் நான்தான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள்.

அக்டோபரில் ஆயுதபூஜை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆயுதபூஜை என்றால் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. தட்டச்சு இயந்திரம், ஜீப், ஸ்டேப்ளர், மாவு மிஷின், அறுவைக் கத்தி, எல்லாவற்றுக்கும் அன்று விபூதி, குங்குமம், செவ்வந்தி. இயக்குநர் பெட்டிகளை நினைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடமாக அலுவலக ஜீப்புக்குப் பூசணிக்காய் உடைத்திருக்கிறோம், நமக்குச் சோறு போடும் பெட்டிகளுக்கு ஒரு பூவாவது வைத்திருக்கிறோமா, பிறகு இடி விழாமல் என்ன செய்யும் என்று கேட்டார். சுற்றறிக்கை எழுதினேன்: "கழகத்தின் அனைத்துக் கருவிகளும் பூஜைக்கு நேரில் ஆஜர்படுத்தப்பட வேண்டும்." ஹூவப்பாவுக்கு இந்த முறை பயணப்படி உடனே கிடைத்தது. ஆறு நாளில் பத்தொன்பது மலை ஏறி, பத்தொன்பது பெட்டிகளையும் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆணியால் ஊர்ப்பெயரைக் கீறியிருந்தார்.

கூட்ட அறையின் ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தோம். துடைத்து, பட்டை போட்டு, பொட்டு வைத்தோம். விளக்கு மினுக்கினால் போட்டோவில் நன்றாக இருக்கும் என்று பிரணீத் எல்லாவற்றையும் மின்சாரத்திலும் அலுவலக ஒயரிலும் இணைத்தார்.

அர்ச்சகர் மங்களாரத்தி காட்டும்போது கடைநிலை ஊழியர் ஓடிவந்து திரையைப் பார்க்கச் சொன்னார். பத்தொன்பதும் பச்சை. மெஷின் கேட்டிருக்கிறது. பத்து அடி தூரத்தில், குங்குமத்துடன் இருந்த பத்தொன்பது பெட்டிகளும் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டன.

எல்லோரும் எழுந்து நின்றோம். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் கைகூப்பினேன். ஏன் கூப்பினேன் என்று இப்போது கேட்டால் சொல்ல வராது.

பூஜையில் வைத்ததை விஜயதசமிவரை எடுப்பதில்லை. விஜயதசமிக்கு மறுநாள் ஹூவப்பா சாக்கோடு வந்தார். மாத அறிக்கை போகட்டும் என்றார் இயக்குநர். அறிக்கை போனது: நூற்றுக்கு நூறு. மாநிலத்தில் வேறெந்தக் கிளைக்கும் அப்படி வரவில்லை. சிறந்த கிளைக்கான கேடயம் நவம்பர் கடைசியில் தருவதாகக் கடிதம் வந்தது. ஹூவப்பா மறுபடி வந்தார். கேடயம் வரட்டும் என்றார்கள்.

"ராயரே, கம்பமெல்லாம் மொட்டையா நிக்குது. ஜனங்க அண்ணாந்து பாக்கறாங்க, அப்புறம் என்னைப் பாக்கறாங்க" என்றார் என்னிடம்.

இயக்குநரிடம் சொல்லலாமே என்றேன்.

"சொன்னேனே. கம்பத்துல மழை, இடி, கொரங்கு. இங்க பாதுகாப்பா இருக்குது. கருவியைக் காப்பாத்தறதுதான் அதிகாரி கடமைன்னாரு. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே, ஒரு குறிப்பு எழுதி வையுங்களேன்."

பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை.

பதினோராம் நம்பர் பெட்டி என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. ஓயாமல் மின்சாரம் ஓடுவதால் அது எந்நேரமும் இதமாகச் சுடும். என் மனைவி ஆவியில் வேகவைத்துக் கட்டிக்கொடுக்கும் அரிசிக் கடுபு இந்தக் குளிரில் பத்து மணிக்கே கல்லாகிவிடும். ஒருநாள் யதேச்சையாக டிபன் டப்பாவை அந்தப் பெட்டியின்மேல் வைத்தேன். மத்தியானம் திறந்தால் ஆவி வந்தது. அன்றிலிருந்து அதுதான் இடம். பெட்டியின் பக்கத்தில் 'நேரளகுட்டா' என்று கீறியிருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் வைத்தேன்.

அந்த நேரளகுட்டாவிலிருந்து திங்கட்கிழமைதோறும் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில், குண்டு குண்டான எழுத்தில், நர்ஸ் ஜலஜாக்ஷி எழுதினார். அங்கே செல்போனில் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதன்மேல் ஏறினால்தான் பேச முடியும். பெட்டி வேலை செய்தால் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்தையும் மற்றதையும் நிலையத்திலிருந்தே டவுன் ஆஸ்பத்திரி டாக்டருக்குக் காட்டி உடனே யோசனை கேட்பார். இப்போது முடியவில்லை, தயவுசெய்து சரிசெய்யவும் என்பது கடிதத்தின் சாரம்.

ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். பதில் மூன்று வரி: "தங்கள் கடிதம் பெறப்பட்டது. கண்காணிப்புத் திரையில் தங்கள் ஊர் பச்சையாக உள்ளது. எனவே புகார் தீர்க்கப்பட்டதாகக் கருதப்பட்டு முடிக்கப்படுகிறது. உத்தரவுப்படி." கீழே என் கையெழுத்து. ஏழு கடிதம் வந்தது, ஏழு பதில் போனது. ஒன்றைக்கூட மறுநாளுக்குத் தள்ளவில்லை.

ஏழாவது கடிதத்தில் ஒரு விஷயம் கூடுதலாக இருந்தது. நவம்பர் பன்னிரண்டாம் தேதி மத்தியானம் ஷாரதே என்ற எட்டு மாதக் கர்ப்பிணிக்குத் தலைவலி, பிறகு வலிப்பு. நர்ஸ் அவளைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, பாறைக்கு ஓடி ஏறி, ஆஸ்பத்திரியைப் பிடித்துப் பேசி, இறங்கிவர ஐம்பது நிமிஷம். ஜீப் வந்தது. ஷாரதே பிழைத்துவிட்டாள். குழந்தை இல்லை. "கம்பத்தில் பெட்டியே இல்லை சார். நான் என் கண்ணால் பார்த்து எழுதுகிறேன்" என்று முடித்திருந்தார். நகல், மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு.

அந்தக் கடிதத்தை இயக்குநரிடம் நீட்டினேன். அவர் நெடுநேரம் படித்தார். இனிமேலாவது ஹூவப்பாவைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன்.

"பெட்டி கம்பத்துல இல்லைங்கறா. ஆனா திரையில பச்சையா இருக்கு. அப்படின்னா என்னய்யா அர்த்தம்? பெட்டி எங்கயோ நல்லா வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு. கம்பத்துலேர்ந்து அதை எடுத்தது யாரு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. கேள்வியைக் கேட்டபோதே அதை நம்பவும் தொடங்கியிருந்தார்.

இப்படித்தான், அரசுக் கருவியொன்றைக் காணாமல் போக்கியதாகவும் பொய்ப்புகார் அளித்ததாகவும் நர்ஸ் ஜலஜாக்ஷியின்மேல் விசாரணை வந்தது. குற்றம் உறுதியானால் அவருடைய ஒப்பந்தம் ரத்து. நேரளகுட்டாவுக்கு வேறு நர்ஸ் போக யாரும் தயாராக இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இனி நவம்பர் இருபத்தாறுக்கு வருகிறேன்.

ஜலஜாக்ஷி காலை பஸ்ஸில் வந்திருந்தார். செருப்பில் செம்மண். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை, அதில் என் ஏழு பதில்களும் தேதிவாரியாகத் தைத்து. ஜன்னலோர நாற்காலியைத்தான் அவருக்குக் காட்டினேன். வேறு காலியாக இல்லை. அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் திண்டில், பழைய குங்குமமும் காய்ந்த செவ்வந்தியுமாகப் பெட்டிகள் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தன. மிக அருகில் இருந்தது பதினோராம் நம்பர். அதன்மேல் என் டிபன் டப்பா. எழுந்து போய் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இயக்குநர் ஆரம்ப உரை நிகழ்த்தினார். அதை வார்த்தை விடாமல் குறித்திருக்கிறேன்.

"நாம கண்காணிக்கறது கருவியை. ஊரை இல்லை. ஊரைக் கண்காணிக்க வேற துறைங்க இருக்கு. கருவி 'இருக்கேன்'ங்குது. கருவி பொய் சொல்லாது, அதுக்குப் பதவி உயர்வு வேணாம், இடமாற்றம் வேணாம். அப்ப பொய் சொல்றது யாரு? மனுஷங்க. அம்பது நாளா இந்தக் கிளையில ஒரு கருவிகூட அணையலை. இது எப்படி நடந்துது? கண்ணு முன்னாலயே வெச்சுக் காப்பாத்தினதாலதான் நடந்துது."

சாந்தவீரப்பா தலையசைத்தார். ஹூவப்பா தொண்டையைக் கனைத்தார். காப்பி வந்தது.

ஜலஜாக்ஷி பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். மொட்டைக் கம்பம், மேலே வானம். பிரணீத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது நேரளகுட்டாக் கம்பம்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். டெக்னிக்கலாகப் பார்த்தால், இல்லாத ஒன்றைப் போட்டோ எடுக்கவே முடியாது என்றும் சொன்னார். அவரும் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அவர்தான் ஒயர் சொருகினவர்.

சொல்ல வேறெதுவும் உண்டா என்று சாந்தவீரப்பா கேட்டார். ஜலஜாக்ஷி திண்டின் பக்கம் திரும்பினார். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார்.

"இதெல்லாம் என்னதுங்க சார்?"

ஹூவப்பா என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

"அதுவா, பூஜைச் சாமான்" என்றார் இயக்குநர். பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க" என்றார்.

எழுதினேன். 'குற்றம் சாட்டப்பட்டவர் பூஜைச் சாமான்கள் குறித்து விசாரித்தார், விளக்கம் அளிக்கப்பட்டது.'

பன்னிரண்டரைக்கு முடிந்தது. குற்றம் உறுதி. ஒப்பந்த ரத்துக்கான கடிதமும் நடவடிக்கைக் குறிப்பும் இன்றே ரிஜிஸ்டர் தபாலில் மாவட்டத்துக்குப் போக வேண்டும். மூவரும் சாப்பிடப் போனார்கள். போகும்போது சாந்தவீரப்பா, நல்ல நர்ஸ்தான் பாவம், ஆனால் பச்சை என்றால் பச்சைதானே என்று சொல்லிக்கொண்டு போனார்.

ஜலஜாக்ஷி போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். என் மேசையருகே நின்றார்.

"ஏழு லெட்டருக்கும் பதில் போட்டது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு சார். ஊருல படிச்சுக் காட்டினேன்." திண்டின் பக்கம் கண்ணைக் காட்டினார். "உங்க டிபன் டப்பா சூடா இருக்கு. தெரியாம கை பட்டுடுச்சு. கீழ எங்க ஊர் பேரைப் படிச்சேன்."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு வாய் வந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

"நான் எதைச் சொன்னாலும் பூஜைச் சாமான்னுதானே சார் எழுதுவீங்க. எழுதறவர் நீங்க. ஷாரதே வெயிலுக்கு வாசல்ல உக்காந்து கம்பத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. ஒண்ணரை பஸ்ஸை விட்டா எனக்குச் சாயங்காலம்தான்."

போய்விட்டார்.

நான் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். திறக்கவில்லை. ஹூவப்பா இன்னும் கதவருகேயே நின்றுகொண்டிருந்தார்.

"உன் சாக்கு எங்க?"

"ஜீப்புக்கு அடியில கெடக்குது ராயரே."

பதினோராம் நம்பர் பெட்டியிலிருந்து இரண்டு ஒயரையும் நானே பிடுங்கினேன். நாளுக்கு ஒருமுறை என்றிருந்ததை நிமிஷத்துக்கு ஒருமுறை என்று எப்படி மாற்றுவது என்று பிரணீத் ஒருநாள் காட்டியிருந்தார். மாற்றினேன். திரையில் நேரளகுட்டா சிவப்பாயிற்று. ஹூவப்பா தன் தோள்துண்டால் பெட்டியின் குங்குமத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பரவித்தான் போயிற்று.

"பஸ் போறதுக்குள்ள அந்தம்மாவைப் பிடிச்சுடு" என்றேன்.

"நாளைக்கு என்னைக் கேப்பாங்களே."

"என் பேரைச் சொல்லு."

"உங்க பேரைச் சொன்னா என்ன பண்ணுவாங்க?"

"தெரியாது. இதுவரைக்கும் 'உத்தரவுப்படி' இல்லாம நான் எதுலயும் பேர் போட்டதில்லை."

அவர் ஓடினார். நான் புதுத் தாள் எடுத்தேன். ஒப்பந்த ரத்துக் கடிதத்தை எழுதவில்லை. நடவடிக்கைக் குறிப்பை மறுபடி முதலிலிருந்து எழுதினேன். ஆஜரானவர்கள், அமர்ந்த இடங்கள். கடைசியில் விட்டுப்போன வரி: 'ஜன்னல் திண்டில், வரிசையாக, நேரளகுட்டா உள்ளிட்ட பத்தொன்பது ஊர்களின் கம்பியில்லாக் கருவிகள், அக்டோபர் மாத ஆயுதபூஜை முதல்.' ஊர்ப்பெயர் பத்தொன்பதையும் கீறியிருந்த வரிசையிலேயே எழுதினேன். பக்கத்தில் ஷாரதேயின் பெயரையும் பன்னிரண்டாம் தேதியையும் எழுதினேன். ஏழு பதில்களின் தேதிகளையும் எழுதினேன்.

பிறகு, 'மேற்படி நேரளகுட்டாக் கருவியின்மீது எழுத்தரின் உணவுப் பாத்திரம் வைக்கப்பட்டிருந்தது' என்று எழுதி, படித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாக எங்கள் அலுவலகத்தில் யாரும் எதையும் செய்ததில்லை. எல்லாம் செய்யப்பட்டிருக்கும், வைக்கப்பட்டிருக்கும், முடிக்கப்பட்டிருக்கும். அந்த வரியை அடித்தேன். அடித்தல் திருத்தலோடு நான் அனுப்பும் முதல் கடிதம் இது. மேலே எழுதினேன்: 'அதன்மேல் நான் என் சாப்பாட்டை வைத்தேன். அது யாருடையது என்று தெரிந்து வைத்தேன்.'

'உத்தரவுப்படி' என்று கை தானாக எழுதப்போனது. நிறுத்திவிட்டு, வெறும் பெயரைப் போட்டேன்.

உறையில் மாவட்டச் சுகாதார அதிகாரியின் முகவரி எழுதி, மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி மூன்று சொட்டு விட்டேன். அலுவலக முத்திரை இயக்குநரின் இழுப்பறையில் பூட்டியிருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். சுட்டது. தெரு முனைத் தபால் அலுவலகத்தில் ரசீது கொடுத்த பெண்மணி, என்ன ராயரே இன்றைக்கு நீங்களே வந்துவிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே உறையைப் பின்னால் இருந்த பையில் போட்டார். இரண்டு மணிக்கு வண்டி வந்து பையை எடுத்துக்கொண்டு போனது.